செக்கிங் பாண்டியின் கிட்டார்

பாண்டித்துரையைப் பத்தி எழுதறதுன்னா முதல்ல அவன் குரலைப் பத்தி எழுதணும். இப்ப அது இல்ல.

அருப்புக்கோட்டைப் பக்கமிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்தவன். மண்ணரையில நான் அயர்ன் போடற கம்பெனியிலதான் அவனுக்குச் செக்கிங் வேலை. தைச்சு வர்ற பனியனை வெளிச்சத்துல விரிச்சுப் பிடிச்சு கறை, ஓட்டை, தையல் விட்டது எல்லாத்தையும் பிடிச்சிருவான். அவன் கண்ணுக்குத் தப்பின பீஸ் எனக்குத் தெரிஞ்சு எதுவும் இல்ல. ஞாயித்துக்கிழமையானா மோகன்ராஜோட கச்சேரிக் குழுவுல பாடப் போயிருவான். காதுகுத்து, கல்யாணம், கோயில் நோம்பி எதுன்னாலும் அவன்தான் முன்னால நிப்பான். வாரமெல்லாம் குனிஞ்சே கிடக்கற தலை அன்னிக்குத்தான் நிமிரும்.

தொண்டையில கட்டி வந்து அறுத்து எடுத்தாங்க. உசுரு தங்குச்சு, குரல் தங்கல. டாக்டர் முன்னாடியே சொல்லித்தான் அறுத்தார், யாரையும் குத்தம் சொல்றதுக்கில்ல. வாயைத் திறந்தா பஞ்சரான டியூப் மாதிரி காத்துதான் வரும்.

அந்த நேரம் பார்த்து, குழுவுல கிட்டார் வாசிச்ச ஆள் சொந்த ஊருக்கே போயிட்டான். மோகன்ராஜ் தபேலாக்காரர், நல்ல மனுசன். பாண்டி வீட்டுக்கே வந்து, "நீங்க கிட்டார் பழகிக்குங்க பாண்டி. மாரியம்மன் நோம்பி வரைக்கும் அந்த எடத்தை யாருக்கும் கொடுக்க மாட்டனுங்க"ன்னு சொல்லிட்டுப் போனார்.

பாண்டி என் காதுகிட்ட வந்தான். "தொண்டை போனா என்னண்ணே, விரல் இருக்குல்ல."

"பனியன் பிடிச்சுப் பிடிச்சுத் தேஞ்ச விரலுடா அது. பார்த்துக்க."

சிரிச்சான். ஆபரேசனுக்கப்புறம் அவன் சிரிச்சு அன்னிக்குத்தான் பார்த்தேன்.

வாங்கப் போனப்ப நானும் கூடப் போனேன். கடைக்காரர் ரெண்டு கிட்டாரை எடுத்து வெச்சார். ஒண்ணு பழசு. பக்கவாட்டுல விரிசல் விட்டு ஒட்டுப் போட்டிருந்துச்சு, மரமும் அங்கங்க நெறம் மாறிக் கிடந்துச்சு. இன்னொண்ணு புதுசு. கறுப்புல மூஞ்சி தெரியற அளவுக்குப் பளபளப்பு.

"பழகறதுக்குப் பழசை எடுங்க. கம்பி விரலுக்கு லேசா அமுங்குமுங்க"ன்னார் கடைக்காரர்.

பாண்டி ரெண்டையும் டியூப்லைட்டுக்கு நேராத் தூக்கிப் பிடிச்சான். ஓரமெல்லாம் கட்டைவிரலை ஓட்டிக்கிட்டே வந்தான். பழசுல அந்த ஒட்டுக்கிட்ட வந்ததும் விரல் நின்னுருச்சு. அப்படியே தள்ளி வெச்சுட்டான்.

"பொழுதன்னிக்கும் நான் கழிச்சுப் போடறதே இந்த மாதிரி பீஸைத்தாண்ணே. இதைப் போயி நான் வாங்கவா?"

"ஒருக்கா கம்பியை அமுக்கித்தான் பாரேன்டா."

"எனக்கு என்ன தெரியும் அமுக்க? பனியனைப் போட்டுப் பார்த்தா செக்கிங் பண்றேன்?"

கறுப்புக் கிட்டார் வீட்டுக்கு வந்துச்சு.

செல்போன்ல வீடியோ பார்த்துப் பழகினான். கம்பி கட்டையை விட்டு எட்ட நின்னுச்சு. அமுக்கி அமுக்கி விரல் நுனி பிளந்து ரத்தம் வந்துச்சு. ஆரம்பத்துல வலிக்கத்தான் செய்யும்னு வீடியோக்காரன் சொன்னானாம், அதனால பொறுத்துக்கிட்டான். வெள்ளைப் பனியன்ல ரத்தம் பட்டுட்டா அதையும் அவனேதான் கழிக்கணும். அதுக்குப் பயந்து விரலுக்கெல்லாம் பிளாஸ்திரி சுத்திக்கிட்டு வேலைக்கு வருவான்.

அவன் சம்சாரம் அனுசுயா வாய்க்காரி. "பக்கத்து வீட்டுல கேக்குறாகண்ணே, உங்க வீட்டுல தகரம் அறுக்கிற வேலையும் எடுத்திருக்கீகளான்னு." பாண்டி தலையைத் தூக்காம கம்பியையே அமுக்கிக்கிட்டு இருப்பான்.

நோம்பி நெருங்குனதும் மோகன்ராஜ் வாசிச்சுக் காட்டச் சொன்னார். ஒரு கம்பி கரகரங்குது, இன்னொண்ணு செத்த மாதிரி கிடக்குது. பாதிப் பாட்டுல பாண்டியே நிறுத்திட்டான். "என் விரலுக்கு இது வராதுங்க. வேற ஆளைப் பாருங்க." மோகன்ராஜ் வேற வழியில்லாம ஆள் தேடினார். தாராபுரத்துல இருந்து பொங்கியண்ணன்னு ஒருத்தர் கிட்டார் வாசிக்கக் குழுவுக்கு வந்து சேர்ந்தார். நோம்பி நல்லபடியா முடிஞ்சுது. பாண்டி அந்தப் பக்கமே போகல.

கிட்டார் பீரோ மேல கிடந்துச்சு. அதைப் பார்க்கப் பார்க்க அனுசுயாவுக்கு ஆகல. பொங்கியண்ணனையே வீட்டுக்குக் கூப்பிட்டு, யாருக்காவது வித்துக் கொடுங்கன்னு சொல்லிட்டா. அன்னிக்கு நானும் அங்கதான் இருந்தேன். அவர் கம்பியை அமுக்கிப் பார்த்தார். முகம் சுருங்குச்சு. ஒரு கண்ணை மூடிக்கிட்டு அதோட கழுத்து நெடுகப் பார்த்தார்.

"இதுல யாருங்க பழகுனது? கழுத்தே வில்லாட்டம் வளைஞ்சு கிடக்குதுங்க. எனக்கே அமுங்க மாட்டீங்குது!"

பாண்டி எந்திரிச்சு வந்தான். "அப்ப என் விரல்ல கோளாறு இல்லீங்களா?"

அவருக்குக் கேக்கல. நான்தான் திருப்பிச் சொன்னேன்.

"விரலுக்கு என்னங்க? நல்ல கிட்டாரா எடுத்திருந்தா இந்நேரம் நீங்கதான் மேடையில இருப்பீங்க." மனசுல ஒண்ணும் வெச்சுக்காமத்தான் சொன்னார். அந்த மேடையில இப்ப இருக்கறவரே அவர்தான். அனுசுயா டீ போடற சாக்குல உள்ள போனவ, அவர் போற வரைக்கும் வெளிய வரல.

"இன்னொண்ணு எடுக்கலாம் வாடா"ன்னேன்.

"எதைப் பார்த்து எடுக்கறது? நல்லது கெட்டது பார்க்கறது ஒண்ணுதான் எனக்குத் தெரியும்னு நெனச்சிருந்தேண்ணே."

அதுக்கப்புறம் அவன் வேலையும் கெட்டுச்சு. கையில எடுத்த பீஸைக் கீழ வைக்க மாட்டான். திருப்புவான், விரிப்பான், மறுபடியும் திருப்புவான். செக்கிங் மேஜையில பனியன் மலையாட்டம் சேர்ந்துச்சு. சூப்பர்வைசர் திட்டித் திட்டிப் பார்த்துட்டு, கடைசியில மடிக்கிற வேலைக்கு மாத்திட்டார். இப்ப என் பக்கத்துலதான் நிக்கறான். நான் தேய்ச்சுப் போடறதை மடிப்பான். வெளிய எங்கயாவது கச்சேரிச் சத்தம் கேட்டா, போயி ஜன்னலைச் சாத்திட்டு வருவான்.

நேத்து ஒரு வெள்ளைப் பனியனை மடிக்காம என்கிட்ட நீட்டினான். "அண்ணே, இது நல்ல பீஸா, கழிக்கிறதா? நீங்க சொல்லுங்க."

பார்த்தேன். ஒரு குத்தமும் இல்ல. "நல்லதுதான்டா, மடி"ன்னேன்.

என்னையும் நம்பல. அதை எடுத்துக்கிட்டு லைட்டுக்கடியில போய் நின்னான்.