மாடு வத்தட்டுமுங்க

ஆபரேஷன் தேதியை டாக்டர்தான் முடிவு செய்கிறார் என்று நினைப்பவர்கள் ஒருமுறை எங்கள் பக்கம் வந்து பார்க்கவேண்டும். வடகரப்பதிப் பக்கம், தமிழும் மலையாளமும் கலந்த எல்லையோரத்தில், ஒரு சின்ன ஆசுபத்திரியில் பிரசவமும் கர்ப்பப்பை ஆபரேஷனும் பார்க்கிறவள் நான். இங்கே தேதி வைப்பது கடலைக்காய்ப் பறிப்பு, கோயில் நோன்பி, மச்சினன் வீட்டுச் சீர். இவை எல்லாம் ஒத்துக்கொண்ட பிறகு மிச்சம் ஏதாவது நாள் இருந்தால் அது எனக்கு.

நான் சூரியநெல்லிப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவள். எங்கள் ஆட்கள் மாட்டேன் என்றால் மாட்டேன் என்று மூஞ்சிக்கு நேரே சொல்லிவிடுவார்கள். இந்தப் பக்கத்து ஆட்கள் மாட்டேன் என்பதையும் அவ்வளவு மரியாதையாகச் சொல்வார்கள். "வந்தர்றமுங்க டாக்டரம்மா" என்று கும்பிட்டுவிட்டுப் போவார்கள். வரமாட்டார்கள். அந்த ‘ங்க’வை நம்பி தியேட்டரைக் கழுவி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த அம்மா முதலில் வந்தது தனக்காக இல்லை. திருப்பூரில் கட்டிக்கொடுத்த மகளைத் தலைப்பிரசவத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். ஐம்பதைத் தாண்டிய, வெயிலில் வேலை செய்கிற திடமான உடம்பு. ஒவ்வொரு தடவையும் மகள் உட்காருவாள், இவர் மட்டும் பக்கத்தில் நின்றுகொண்டே இருப்பார். நான் எதையாவது களவாடிக்கொண்டு போய்விடுவேன் என்று காவல் காக்கிற மாதிரி எனக்குப் பட்டது. உட்காருங்கம்மா என்பேன். இருக்கட்டுமுங்க என்பார். எனக்குப் பொதுவாகவே பொறுமை கொஞ்சம் கம்மி. பிரசவம் முடிந்து வீட்டுக்கு அனுப்புகிற அன்று, நீங்கள் உட்கார்ந்தால்தான் பேத்தியைத் தருவேன் என்று மிரட்டினேன்.

உட்கார்ந்தார். ஒரு பக்கத் தொடையில் மட்டும், நாற்காலி சுடுகிற மாதிரி. அப்போது முகம் போன போக்கைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. குழந்தைக்கு ஊசி போடவேண்டும் என்று சொல்லி மகளை சிஸ்டரோடு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். ரொம்ப நேரம் கெஞ்சிய பிறகு படுத்துக் காட்டினார். கர்ப்பப்பை முழுசாக வெளியே இறங்கி இருந்தது. உரசி உரசிப் புண் வேறு.

எப்போதிலிருந்து என்று கேட்டேன். இந்த மகள் பிறந்ததிலிருந்து என்றார். காலையில் எழுந்ததும் உள்ளே தள்ளிவிட்டு வேலையைத் தொடங்குவாராம். புல்லறுக்கக் குனிந்தால் திரும்ப இறங்கிவிடுமாம். பஸ்ஸில் நின்றுகொண்டுதான் போவாராம். இதையெல்லாம் ஏதோ செருப்பு வார் அறுந்த கதை மாதிரி சொல்லிக்கொண்டு போனவர், நடுவில் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க டாக்டரம்மா, உங்களுக்கெல்லாம் இப்படி இல்லீங்களா?"

இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. படித்தவர்கள் வெளியே சொல்லமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

ஸ்கேனில் இன்னொன்றும் தெரிந்தது. மூத்திரம் முழுசாக இறங்காமல் தேங்கித் தேங்கி, இரண்டு சிறுநீரகமும் வீங்கத் தொடங்கியிருந்தன. இதைத் தள்ளிப்போட முடியாது, கிட்னி போய்விடும் என்று பச்சையாகச் சொன்னேன். பயந்துவிட்டார். உடனே ஒத்துக்கொண்டார்.

"பண்ணிக்கலாமுங்க. மாடு வத்தட்டுமுங்க, வந்தர்றேன்."

அப்படித்தான் அந்த மாடு என் வாழ்க்கைக்குள் வந்தது. ஜெர்சிக் கலப்பு. கறவையில் கெட்டி. ஆனால் இந்த அம்மா கை தவிர வேறு கை பட்டால் உதைக்கும். பக்கத்துத் தோட்டத்துக்காரம்மாவை உதைத்திருக்கிறது. கறக்கிற மிஷின் கொண்டுவந்த ஆளை உதைத்து, மிஷினையும் உதைத்திருக்கிறது. வீட்டுக்காரர் ஒரு தடவை முயற்சி செய்து தண்ணித் தொட்டிக்குள் விழுந்ததோடு சரி. ஆக, கறவை நிற்கிற வரைக்கும் இவர் எங்கேயும் நகர முடியாது. பாலைக் கறக்காமல் விட்டால் என்ன என்று கேட்டதற்கு, பெற்ற தாயைப் பட்டினி போடச் சொன்ன மாதிரி என்னைப் பார்த்தார்.

அதுவரைக்கும் தாக்குப்பிடிக்கட்டும் என்று புண்ணை ஆற்றி, கர்ப்பப்பையைத் தாங்குகிற ரப்பர் வளையம் ஒன்றை உள்ளே பொருத்தினேன். விளக்கிச் சொன்னதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டு, மோட்டாருக்கு வாசர் போடுகிற மாதிரியா என்றார். படித்த காலத்தில் எந்தப் பேராசிரியரும் அதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. அதற்குப் பிறகு நானே எல்லோரிடமும் வாசர் என்றுதான் சொல்கிறேன்.

அப்புறம் எனக்கும் ஒரு வீம்பு வந்துவிட்டது. மாடு எப்போது சினை பிடித்தது என்று கேட்டேன். சினை ஊசி போட்ட தேதியைச் சொன்னார். கர்ப்பிணிகளுக்குப் பிரசவத் தேதி கணக்குப் பார்க்க மேசையில் ஒரு அட்டைச் சக்கரம் வைத்திருப்பேன். மாட்டுக்கும் மனுஷிக்கும் ஏறக்குறைய அதே கணக்குத்தான். சக்கரத்தைத் திருப்பி மாட்டுக்குத் தேதி பார்த்தேன். தியேட்டர் சிஸ்டர் எட்டிப் பார்த்து, யாருக்கு டாக்டரே என்று மலையாளத்தில் கேட்டார். பசுவுக்கு என்றேன். அவர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

மாடு கன்று போடுவதற்கு முந்தின மாதங்களில் கறவை இருக்காது. அந்த இடைவெளிக்குள் ஆபரேஷனை முடித்து, கன்று விழும்போது தெம்பாக எழுந்து உட்கார்ந்துவிடலாம் என்பது அவர் கணக்கு. என் கணக்கு வேறு; ஆபரேஷன் முடிந்தால் மாதக்கணக்கில் குந்தி உட்காரவே கூடாது. ஆனால் முதலில் ஆள் மேசைக்கு வரட்டும், மீதிச் சண்டையை அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மாடும் சொன்னபடி வற்றியது. நான் தேதி வைத்தேன். மயக்க மருந்து டாக்டர் காய்ச்சலில் படுத்தார். வேறு தேதி வைத்தேன். இந்த அம்மாவுக்கு இருமல் வந்தது. இருமலோடு இந்த ஆபரேஷனைச் செய்தால் போட்ட தையல் நிற்காது. மூன்றாவது தேதிக்கு ஒருவழியாக வந்து படுத்தார். சக்கரப்படி மாட்டுக்கு இன்னும் மூன்று வாரத்துக்கு மேல் இருந்தது.

காலையில் பச்சை கவுன் போட்டு, கையில் ஊசி குத்தி, எல்லாம் தயார். நான் தியேட்டருக்குள் போகப்போகிறேன். சிஸ்டர் ஓடிவந்து, அந்த அம்மா கட்டிலை விட்டு இறங்கிவிட்டார் என்றார். போய்ப் பார்த்தால் கவுனுக்கு மேலேயே சேலையைச் சுற்றிக்கொண்டிருக்கிறார். வீட்டுக்காரர் போன் செய்தாராம். மாடு கன்று போட்டுவிட்டதாம். கிடாரிக் கன்று.

ஊசித் தேதி சரியாகத்தானே சொன்னீர்கள் என்று கத்தினேன். சரிதானாம். ஆனால் அதற்கு மூன்று வாரம் முன்னால் ஒரு ஊசி போட்டார்களாம். அதில் சினை நிற்கவில்லை என்று நினைத்து இரண்டாவது போட்டார்களாம். இப்போது பார்த்தால் முதல் ஊசியிலேயே சினை நின்றிருக்கிறது. எந்தப் பெண் வந்து தேதி சொன்னாலும் நம்பாமல் ஸ்கேன் எடுத்துவா என்று விரட்டுகிற நான், ஒரு மாட்டு விஷயத்தில் வாய்ச்சொல்லை நம்பி மோசம் போயிருந்தேன்.

"கன்னு எவ்வளவுதானுங்க குடிக்கும்? சீம்பால் கறக்காம உட்டா மடி கட்டிக்குமுங்க. காச்ச வந்துரும்" என்றார்.

அதே பேச்சை வார்டில் தாய்மார்களிடம் தினமும் நான்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். பால் தங்கினால் கட்டிக்கொள்ளும், காய்ச்சல் வரும் என்று. என் பாடத்தை எனக்கே திருப்பிப் படித்துக் காட்டினார். ஆனால் இப்போது வாசல் தாண்டினால் இவர் திரும்பி வரமாட்டார் என்று எனக்குத் தெரியும். கறவை முழுக்க ஓடும், அப்புறம் அடுத்த சினை. அதுவரைக்கும் அந்தச் சிறுநீரகம் தாங்காது. எனக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. வாசலை மறித்துக்கொண்டு நின்றேன்.

வேறு வழியே இல்லையா என்று கேட்டேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, ஒரு வழி இருக்கிறது, ஆனால் நடக்காது என்றார். தன் சேலையைக் கட்டிக்கொண்டு யார் போய் உட்கார்ந்தாலும் அந்த வாசத்துக்கு மாடு நிற்குமாம். ஒரு தடவை மகள் அப்படிக் கறந்திருக்கிறாளாம். மகள் திருப்பூருக்குத் திரும்பிவிட்டாள், உதை வாங்கிய பக்கத்துத் தோட்டத்துக்காரம்மா தொழுவத்துப் பக்கமே வருவதில்லை. இப்போது வீட்டில் இருக்கிற ஒரே ஆள் வீட்டுக்காரர். அவர் ஊர்க் கோயில் கமிட்டித் தலைவர். துண்டு போடாமல் தெருவில் இறங்காத மனுஷன்.

கேட்டுப் பார்த்தீர்களா என்றேன். சேச்சே, அதையெல்லாம் போய்க் கேட்பார்களா என்றார். சரி, ஆபரேஷன் எதற்கு என்றாவது அவருக்குத் தெரியுமா? வயிற்றில் கட்டி என்று சொல்லி வைத்திருக்கிறாராம். நான் பேசட்டுமா என்று கேட்டதும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"நீங்களே சொல்லிப்போடுங்க. என்ற வாயால அது வராதுங்க."

போன் போட்டு வரச்சொன்னேன். பைக்கில் வந்தார். வெள்ளை வேட்டி, மடிப்பு கலையாத துண்டு. என் அறையில் உட்காரவைத்து, கட்டி இல்லை என்பதிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். பொதுவாகக் கணவன்மார்களிடம் இதைச் சொல்லும்போது ஜன்னலைப் பார்ப்பார்கள். இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை நாளாக என்று கேட்டார். உங்கள் மகள் பிறந்ததிலிருந்து என்றேன். துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

நான் அந்த அம்மாவின் முந்தின நாள் சேலையை மருந்துக்கடைக் கவரில் போட்டு மேசைமேல் வைத்தேன். மாட்டை நீங்கள் பார்த்துக்கொண்டால் மனுஷியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவர் கவருக்குள் எட்டிப் பார்த்தார். காது வரைக்கும் சிவந்துவிட்டது. ஒரு முழு நிமிஷம் எனக்கு நம்பிக்கையே இல்லை. அப்புறம் கவரை நாலாக மடித்து, வேட்டிக்குள் செருகி, மேலே துண்டைப் போட்டு மறைத்துக்கொண்டு எழுந்து போனார்.

முதுகில் ஊசி போட்டுச் செய்கிற ஆபரேஷன் என்பதால் அந்த அம்மா விழித்துக்கொண்டுதான் இருந்தார். நான் கர்ப்பப்பையை எடுத்துவிட்டு, தளர்ந்த சதையை இழுத்துத் தைத்துக்கொண்டிருக்கிறேன். திரைக்கு அந்தப் பக்கமிருந்து, போன் வந்ததா, போன் வந்ததா என்று ஒரே நச்சரிப்பு. கடைசித் தையல் சமயத்தில் வந்தது. சிஸ்டர் போனை என் காதில் பிடித்தார்.

"கறந்தாச்சுன்னு சொல்லிப்போடுங்க."

உதைத்ததா என்று கேட்டேன். இல்லை என்றார். அத்தோடு விட்டிருக்கலாம். என் வாய் சும்மா இருக்காதே, சேலை கட்டினீர்களா என்று கேட்டேன். கட் செய்துவிட்டார் என்று நினைத்தேன்.

"முக்காடும் போட்டேனுங்க" என்றார்.

தியேட்டரே சிரித்தது. மயக்க மருந்து டாக்டர் மாஸ்க்கைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த அம்மாவிடம் சொன்னபோது அவர் மட்டும் சிரிக்கவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டார். நிஜமாகவா, அவரா, முக்காடா என்று.

நன்றாகத் தேறினார். அடுத்த ஸ்கேனில் சிறுநீரக வீக்கம் வடிந்திருந்தது. மூன்று மாதத்துக்குக் குந்தி உட்காரக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது என்று அனுப்பிவைத்தேன். வழக்கம்போல, சரிங்க என்றார்.

பரிசோதனைக்கு வந்த அன்று முழங்காலுக்குக் கீழே பெரிய வீக்கம், கன்றிப்போய் நீலமாக. என்ன என்று கேட்டேன். மாடு உதைத்துவிட்டது என்றார். என் பேச்சை மீறிக் கறக்கப் போயிருக்கிறார். நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் காதில் அது விழுந்த மாதிரியே தெரியவில்லை. அந்த மாடு இப்போது வீட்டுக்காரர் கைக்குப் பழகிவிட்டதாம். சேலைகூட வேண்டாமாம், வேட்டியிலேயே போய் உட்கார்ந்தாலும் நிற்கிறதாம். இவர் பக்கத்தில் போனால்தான் கால் தூக்குகிறதாம்.

நான் கேலி செய்ய வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் கேட்டார்.

"அப்ப இத்தன வருசம் நானு எதுக்குங்க பொறுத்துட்டு இருந்தேன்?"

வீட்டுக்காரரிடம் கேட்டீர்களா என்று மட்டும் கேட்டேன்.

"கேட்டனுங்க. நீ சொல்லவே இல்லையேன்னாரு. சொல்லியிருந்தா சேலையைக் கட்டீட்டு வந்து கறந்திருப்பீங்களான்னேன். ரொம்ப நேரம் ரோசன பண்ணுனாருங்க."

என்ன சொன்னார் என்றேன்.

"மாட்டேன்தான்னாரு" என்றார் அந்த அம்மா. "பொய் சொல்லலீங்க, டாக்டரம்மா."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் கூடச் சிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை.