பென்சில்காரரின் நான்கு நாள்

அலுவலகத்தில் அவரைப் பென்சில்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் இருந்ததோடு சரி. கட்டட அனுமதி அலுவலகத்தின் திருத்தப் பிரிவில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்தவர். ஒரு வரைபடத்துக்கு அனுமதி வாங்கிக் கட்ட ஆரம்பித்துவிட்டுப் பாதியில் மனசு மாறியவர்கள் வந்து நிற்கிற இடம் அது. மனசு மாறாமல் வீடு கட்டியவர் உலகத்தில் யார் இருக்கிறார்? அங்கே கூட்டம் எப்போதும் முட்டி மோதும்.

விதிப்படி அவருடைய வேலை, மனுவைப் பதிந்து பொறியாளர் மேஜைக்கு அனுப்புவது. வரைபடத்தைப் பற்றி வாய் திறக்க அவருக்கு அதிகாரம் கிடையாது. ஆனால் மனிதர் சும்மா அனுப்ப மாட்டார். வரைபடத்தை மேஜையில் விரித்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஒவ்வொரு மூலையாகப் பார்ப்பார். திசைக்குறி இல்லையா, படிக்கட்டின் அகலம் எழுதவில்லையா, இரண்டாவது தாளில் கையெழுத்து விட்டுப்போச்சா, அந்தந்த இடத்தில் பென்சிலால் மெல்லிசாகக் குறிப்பார். பிறகு மனு கொடுத்தவரைப் போனில் கூப்பிட்டு, "பதினோரு இடம் இருக்குங்க, எல்லாத்தையும் ஒரே தடவையில சரி பண்ணிக் கொண்டுவாங்க" என்பார். அவர்கள் ஓடிவந்து சரிசெய்ததும் ரப்பரால் பென்சில் குறிகளை அழித்து, தாளைக் கையால் தட்டி, மேலே அனுப்புவார். பொறியாளர் பார்க்கும்போது படம் பளிங்கு போல இருக்கும். ஆக, அவர் செய்த வேலைக்கு ஒரு சாட்சியும் மிஞ்சாது. இதெல்லாம் நடந்து முடிய நான்கு நாள் ஆகும்.

அப்புறம்தான் ஸ்டிக்கர் பார்ட்டி வந்தது. அதற்குக் காகிதத்தில் செயல்முறை மேம்பாட்டுக் குழு என்று பெயர். தலைவர் நல்ல மனிதர், எல்லோரையும் 'சார்' என்று கூப்பிட்டவர், யார் மேலும் எரிந்து விழாதவர். கூட்ட அறைச் சுவர் முழுக்க மஞ்சள் தாள்களை ஒட்டினார். ஒரு மனு வாசலில் நுழைந்து அனுமதியாக வெளியே போவதற்குள் எத்தனை படி என்று எண்ணினால் இருபத்து மூன்று வந்தது. அறுபத்தொரு நாள். எண்ணி முடித்தபோது அங்கிருந்தவர்கள் முகத்தில் ஈயாடவில்லை. உபயோகமான படிக்குப் பச்சைப் பொட்டு, வீண் படிக்குச் சிவப்புப் பொட்டு என்றார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், வீண் படிகள் நிறையவே இருந்தன. ஒரே கடிதத்தை மூன்று நோட்டில் பதிகிற கூத்தெல்லாம் அங்கே நடந்துகொண்டிருந்தது. அதை ஒழித்தவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது.

பென்சில்காரர் முறை வந்தது.

"சார், உங்க மேஜையில ஃபைல் நாலு நாள் இருக்கு. அந்த நாலு நாள்ல என்ன செய்வீங்க?" என்று கேட்டார் குழுத் தலைவர்.

பென்சில்காரர் திரும்பிப் பார்த்தார். பின்னாலேயே கண்காணிப்பாளர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வரைபடத்தில் கை வைக்கிறேன் என்றால் விதிமீறல். மனுதாரருக்குப் போன் பண்ணுகிறேன் என்றாலோ, எதற்காகப் பண்ணினாய் என்கிற கேள்வி வரும். ஒரு வாய் தேநீர்கூட யாரிடமும் வாங்கிக் குடித்தறியாத மனிதர், அந்தக் கேள்விக்குப் பயந்துவிட்டார்.

"பெருசா ஒண்ணும் இல்ல சார். பாத்துட்டு அனுப்புவேன்."

"சும்மா பாப்பீங்களா?"

"ஆமா சார்."

சிவப்புப் பொட்டு விழுந்தது. அவர் கையாலேயே ஒட்டச் சொன்னார்கள், ஒட்டினார்.

புது ஏற்பாட்டில் மனு நேரே கணினிக்குப் போயிற்று. அதைத் திறந்து பார்க்கிறவர் முதல் குறையைக் கண்டதும் அங்கேயே நிறுத்தி, அந்த ஒன்றைமட்டும் எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். மேற்கொண்டு பார்ப்பது நேர விரயம். திருப்பி அனுப்பியதும் மனு முடிந்ததாகக் கணக்கு. சரிசெய்து மறுபடி போட்டால் புது எண், புது வரிசை. ஒரே வரைபடம் மூன்று தடவை திரும்பினால் மனு அடியோடு மூடப்படும். அறுபத்தொரு நாள் ஒன்பது நாளாயிற்று. மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது, எல்லோரும் கைதட்டினார்கள், பென்சில்காரரும் தட்டினார். அவரைத் தபால் அறைக்கு மாற்றினார்கள். தபாலெல்லாம் கணினியில் போன பிறகு அந்த அறையில் ஒரு நாளைக்கு ஏழெட்டு உறை வரும், பத்தரை மணிக்குள் பிரித்துவிடுவார்.

இந்த நேரத்தில்தான் அவருடைய அத்தானுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்தது. அக்காவும் அத்தானும் குடியிருந்தது மாடியில். வாரம் மூன்று நாள் கைகால் பயிற்சிக்கு அத்தானை நாற்காலியோடு தூக்கி இறக்கி, தூக்கி ஏற்ற வேண்டும். புது வீடு, பணி நிறைவுச் சான்றுகூட இன்னும் வாங்கவில்லை. கீழே வண்டி நிறுத்த விட்ட இடத்தில் ஓர் அறையும் கழிப்பறையும் கட்டிவிட்டால் மனுஷர் தரையிலேயே இருந்துவிடலாம் என்று அக்கா கொத்தனாரை வைத்துச் சுவரை இடுப்பு உயரம் எழுப்பினாள். அதற்குள் திருத்த அனுமதி இல்லையென்று அலுவலக ஆள் வந்து நிறுத்திவிட்டுப் போனார்.

அக்கா தம்பியிடம் சொல்லவில்லை. 'யாரையும் பார்க்க வேண்டாம், வீட்டிலிருந்தே மனு போடலாம்' என்று அலுவலக வாசலில் பலகை வைத்திருந்தார்களே, அதை நம்பினாள். தம்பி பெயரைச் சொல்லிக் காரியம் சாதித்தாள் என்று பேர் வந்து அவன் வேலைக்குப் பங்கம் வந்துவிடக்கூடாதே என்றும் இருந்தது. முதலில் திசைக்குறி இல்லையென்று திரும்பியது. அப்புறம் படிக்கட்டு அகலம். அப்புறம் கையெழுத்து. மூன்றாவது தடவை மனு மூடப்பட்டதாகத் தகவல் வந்த பிறகுதான் போன் பண்ணினாள்.

"உங்கிட்ட வரக்கூடாதுன்னுதான்டா பார்த்தேன். இதுல என்ன போட்டிருக்குன்னே எனக்குப் புரியல."

அவர் போய் வரைபடத்தைச் சாப்பாட்டு மேஜையில் விரித்தார். இன்னும் ஐந்து குறை இருந்தது. எட்டையும் சேர்த்துக் குறிக்க அவருக்கு ஒரு மணி நேரம் போதும். 

மறுநாள் பொறியாளரிடம் போய் நின்றார். அந்தப் பெண் எழுந்து நாற்காலி போட்டாள்.

"சிஸ்டத்துல மூடிட்டா என்னால திறக்க முடியாது சார். புது மனுதான் போடணும். ஆனா புது மனுன்னா இடத்துல அனுமதியில்லாத கட்டுமானம் எதுவும் இருக்கக்கூடாது. அந்தச் சுவரை எடுத்துட்டு போட்டோவோட போடச் சொல்லுங்க."

"இடுப்பு உயரச் சுவர்தாம்மா."

"தெரியுது சார். நான் என்ன பண்ணட்டும்?"

அவளுடைய குரலில் இளக்காரம் இல்லை. இருந்திருந்தால் கோபப்பட்டாவது பார்த்திருப்பார். குழுத் தலைவரைத் தேடிப் போனார். இருபத்தாறு வருடமாக அந்த நான்கு நாளில் என்ன செய்தார் என்பதைத் திக்கித் திணறி முழுக்கச் சொன்னார். தலைவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"இது ரொம்ப முக்கியமான வேலை சார். அன்னிக்கே சொல்லியிருக்கலாமே. சுவத்துல பச்சைப் பொட்டு வச்சிருப்பேனே."

அடுத்த பரிசீலனை எப்போது என்று பென்சில்காரர் கேட்டார். அடுத்த ஆண்டு என்றார் தலைவர்.

கொத்தனார் சனிக்கிழமை வந்து சுவரை இடித்தார். கட்ட ஆறு நாள் ஆனது, இடிக்க ஒரு காலைப் பொழுது. அக்கா கல்லையெல்லாம் ஓரமாக அடுக்கச் சொல்லிவிட்டு, உள்ளே போய்விட்டாள்.

திங்கட்கிழமை பயிற்சி முடிந்து அத்தானை மாடிக்கு ஏற்ற வேண்டியிருந்தது. பென்சில்காரர் நாற்காலியின் பின்பக்கமும் அக்கா முன்பக்கமுமாகப் பிடித்தார்கள். நடுப்படியில் அக்காவுக்கு மூச்சு வாங்கியது. நாற்காலியைச் சாய்த்துத் தன் மார்பில் தாங்கிக்கொண்டு அவர் நின்றார். அத்தான் ஒரு பக்கம் இழுத்த வாயால், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துப் பேசினார்.

"என்னால... உனக்குத்தான் தொந்தரவு. ஆபீஸ்ல உனக்கு ஆயிரம் வேலை இருக்கும். மேல விட்டுட்டு... சீக்கிரம் கிளம்புப்பா."

மணி பதினொன்றே கால். அன்றைய உறைகளைப் பத்தரைக்கே பிரித்துவிட்டுத்தான் வந்திருந்தார். அவர் சரி என்றார்.