கண்ணை மூடிக் கை தூக்கியவர்கள்

எங்கள் சபைக்கு ஆடி மாதம் பிடிக்கும். மார்கழியும் பிடிக்கும். அந்த இரண்டு மாதங்களில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை என்பதுதான் காரணம். மேனாம்பேட்டில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில்தான் பல வருடங்களாக ஞாயிறு ஆராதனை நடத்திக்கொண்டிருந்தோம். முந்தின நாள் சாம்பார் வாசனையில் பாடுவோம், ஜெபிப்போம், இலை போடும் மேசைகளை மடக்கிவைத்துவிட்டு நாற்காலி போடுவோம். ஞாயிற்றுக்கிழமையில் முகூர்த்தம் விழுந்தால் அன்று எங்களுக்கு இடமில்லை.

நான் சபையின் செயலாளர். புது தினசரிக் காலண்டர் வந்ததும் எனக்கு முதல் வேலை, எந்தெந்த ஞாயிறு முகூர்த்த நாள் என்று பார்த்துச் சிவப்புப் பேனாவால் வட்டம் போடுவது. தன் வீட்டில் நல்ல நேரம் பார்க்கும் பழக்கமே கிடையாது என்று அப்பா நாகர்கோவிலில் பெருமையடித்துக்கொள்வார். அவர் பிள்ளை இங்கே வளர்பிறை, தேய்பிறை எல்லாம் தலைகீழ்ப் பாடமாகச் சொல்வான். வட்டம் போட்ட ஞாயிறுகளில் நான் குடியிருக்கும் அடுக்ககத்தின் கீழ்த்தளக் கூடத்தில் கூடுவோம். அதற்கும் குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் பல்லைக் காட்ட வேண்டும்.

சபையில் இரண்டு விதமான ஆட்கள். முன்வரிசைகளில் என்னைப்போல் தெற்கிலிருந்து வேலைக்கு வந்து, கடனில் ஃபிளாட் வாங்கியவர்கள். பின்வரிசைகளில் இந்த ஊர்க்காரர்கள். பெற்றோர் இங்கே வயல்வேலை செய்தவர்கள். பிள்ளைகள் பக்கத்துத் தொழிற்பேட்டையில், ஊர் வாயில் எஸ்டேட்டில், கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள். பிற்பாடு கிறிஸ்துவுக்குள் வந்தவர்கள். யாரும் யாருக்கும் இடம் ஒதுக்கவில்லை. கார் வைத்திருந்தவர்கள் முன்னால் உட்கார்ந்தோம், அவ்வளவுதான்.

கடைசி வரிசையில், கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்தில், ஓர் அக்கா உட்காருவார். எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைகளில் பிசிறு வெட்டும் வேலை. கணவர் இல்லை, பிள்ளைகளும் இல்லை. கொழுந்தனார் வீட்டின் பின்பக்க அறையில் இருந்தார். அந்தக் குடும்பத்தில் சபைக்கு வந்தது அவர் ஒருவர்தான்.

சொந்தக் கட்டடம் வாங்க நிதி சேர்க்கிறோம் என்று அறிவித்த அடுத்த வாரமே தன் கம்மலைக் கழற்றிக் காகிதத்தில் மடித்து என்னிடம் கொடுத்தார். துளை தூர்ந்துபோகாமல் இருக்கக் காதில் வேப்பங்குச்சி செருகியிருந்தார்.

"இன்னாக்கா இது, ஒண்ணே ஒண்ணுதான வெச்சிருக்கீங்க" என்றேன். என் வாயிலும் இந்த ஊர் பேச்சு ஒட்டிக்கொண்டிருந்தது.

"இருக்கட்டும் பிரதர். எனுக்கு ஒரே ஒரு ஆசதான். நான் செத்தா என் பொணத்த ஒரு மணி நேரம் சர்ச்சுக்குள்ள வெச்சிப் பாட்டுப் பாடணும். அப்பால எங்கனா பொதைங்க. கண்ணாலத்துக்கு வந்தவன் துண்ற எடத்துல போயி கும்புட்றியே, உனுக்குனு ஒரு கோயில் கீதான்னு எங்கூட்ல சிரிக்கிறாங்கோ."

மண்டபத்துக்குள் பிணத்தை விடமாட்டார்கள். முந்தின வருடம் எங்கள் மூப்பர் ஒருவர் இறந்தபோது கேட்டுப் பார்த்தோம். மேனேஜர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். அந்த அடக்க ஆராதனை நடுத்தெருவில் நடந்ததை அக்கா பார்த்திருந்தார்.

இரண்டு இடங்கள் அமைந்தன. ஒன்று, மண்டபத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி, மூடிக்கிடந்த ஒரு லேத் பட்டறை. மேலே ஆஸ்பெஸ்டாஸ், கீழே எண்ணெய் குடித்துக் கறுத்த தரை. கையில் இருந்த பணத்துக்கு உடனே பத்திரம் போட்டுவிடலாம். இன்னொன்று வானகரத்தில் காலிமனை. பைபாஸ் பக்கம், அகலமான சாலை, இருபது கார் நிறுத்தலாம். ஆனால் இரண்டு வருடமாவது காத்திருந்து பணம் சேர்க்க வேண்டும். நான் வானகரம் பக்கம். லேத் பட்டறைக்கு ஆபீஸ் நண்பர்களை எந்த முகத்தோடு கூப்பிடுவது என்று எனக்கு வெட்கமாக இருந்தது. அதை மறைத்து, வருங்கால வளர்ச்சி என்று பேசினேன்.

எங்கள் சபையில் எதையும் முடிவெடுக்க ஒரு வழக்கம் உண்டு. யார் மனமும் புண்படக் கூடாது என்று எல்லாரும் கண்ணை மூடி ஜெபித்தபடியே கை தூக்குவார்கள். போதகரும் கண்ணை மூடிக்கொள்வார். செயலாளர் மட்டும் கண் திறந்து எண்ணுவார்.

"பட்டறை வேணும்னு கர்த்தர் மனசுல பேசறவங்க கை தூக்குங்க" என்றார் போதகர்.

பின்வரிசைகள் மொத்தமாக உயர்ந்தன. முன்னாலும் சில கைகள். அதில் ஒன்று என் மனைவியுடையது. அக்காவின் கை தோளோடு நேராக நின்றது. உதடுகள் முணுமுணுத்துக்கொண்டிருந்தன. இரண்டு முறை எண்ணினேன். அடுத்து வானகரத்துக்கு எண்ணினேன். பட்டறையைவிட ஒன்பது கைகள் குறைவு. ஆமென் என்றதும் எல்லாரும் கண் திறந்து என்னைப் பார்த்தார்கள்.

"வானகரம்" என்றேன்.

ஒரு நொடியில் சொல்லிவிட்டேன். என்னை யாரும் சந்தேகப்படக்கூட இல்லை என்பதுதான் இன்றைக்கும் என்னைக் கொல்கிறது. வாசலில் அக்காதான் எனக்கு ஆறுதல் சொன்னார். "கர்த்தர் சித்தம் பிரதர். ரெண்டு வர்சம்தான? நான் இன்னா இன்னிக்கே பூட்றனா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

அந்த இரண்டு வருடம் முடியவில்லை. ஓர் ஆவணி மாதச் சனிக்கிழமை கம்பெனியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஞாயிறு காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து உடல் வந்தது. போதகரும் நானும் போனபோது கொழுந்தனார் வாசலில் நின்றிருந்தார். எஸ்டேட்டில் மூட்டை தூக்குகிறவர். அழுதழுது கண் சிவந்திருந்தது.

"சார், எங்க அண்ணி உங்க ஆளுதான், நான் இல்லேங்கல. அதும் ஆசயும் எனுக்குத் தெரியும். சர்ச்சு எங்க கீதுன்னு காட்டு. நானே தோள் குடுத்துத் தூக்கினு வரேன். ஒரு மணி நேரம் இன்னா, சாயங்காலம் வரிக்கும் வெச்சிப் பாடுங்க. இல்லேன்னா சொல்லிடு, எங்க மொறப்படி செஞ்சிடறோம்."

மண்டபத்து நாதஸ்வரச் சத்தம் அந்தத் தெரு வரைக்கும் கேட்டது. போதகர் என் பக்கம் திரும்பினார்.

"ஐயா, மண்டபத்துல கேக்கவே முடியாது, இன்னிக்கு முகூர்த்தம் வேற" என்றேன்.

"உங்க ஃபிளாட் ஹால்?" என்று கேட்டார்.

சங்கச் செயலாளருக்கு நான் போன்கூடப் போடவில்லை. என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும் என்பது ஒரு சாக்கு. அங்கே என் பெயர் கெடக் கூடாது என்பதுதான் உண்மை. "விடமாட்டாங்க ஐயா" என்றேன்.

கொழுந்தனார் அரை மணி நேரம் காத்திருந்தார். பிறகு, "சரி சார், நாங்க பாத்துக்கறோம்" என்றார். குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். தெருவில் நின்று ஒரு பாட்டுப் பாடினோம். இரண்டாவது சரணத்தில் சாவு மேளக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். நிறுத்திக்கொண்டோம். அக்கா காதில் அந்தக் குச்சி அப்படியே இருந்தது.

சுடுகாட்டுக்கு அந்த லேத் பட்டறை வழியாகத்தான் போக வேண்டும். அதை வாங்கியவர் தண்ணீர் கேன் கிடங்கு ஆக்கியிருந்தார். ஷட்டர் திறந்திருந்தது. ஒரு மினி லாரி பின்பக்கமாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. இயந்திரங்கள் போய்வரக் கட்டிய வாசல். லாரி போனதுபோக இரண்டு பக்கமும் ஆள் நடக்க இடமிருந்தது. செருப்பு அறுந்துவிட்டதாகப் பொய் சொல்லி நின்றுகொண்டேன்.

வானகரத்துக் கட்டடம் இப்போது முடிந்துவிட்டது. பிரதிஷ்டை ஆராதனைக்கு வாசல் முழுக்கக் கார்கள். பின்வரிசைகளில் பாதி நாற்காலி காலி. மேனாம்பேட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி, கைக்குழந்தையோடு யார் வருவார்கள்? போதகர் நன்றி சொல்லி முடித்து எல்லாரையும் கண்ணை மூடச் சொன்னார்.

"இந்த இடத்தக் கர்த்தர்தான் நமக்குக் காட்டினார்னு விசுவாசிக்கிறவங்க கை தூக்குங்க."

நான் வழக்கம்போல் எழுந்து நின்று எண்ணினேன். என் மனைவியின் கையும் உயர்ந்திருந்தது. உயராதது என் கை மட்டும்தான். ஆமென் சொல்லிக் கண் திறந்ததும் போதகர் என்னைப் பார்த்தார்.

"எல்லாரும், ஐயா" என்றேன்.