ராணி பிறந்த வீடு

அன்று கூடத்தில் இருந்தவர்கள்: என் மகன். அவன் கட்டிக்கொள்ள நினைத்த கொரியப் பெண். அவளுடைய அப்பா. அவளுடைய அம்மா. தமிழ்ச் சங்கத்து அங்கிள் ஒருவர். நான் பாதி நேரம் கராஜில் இருந்தேன். என்னையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கராஜில் இருந்ததற்குக் காரணம் தாளிப்பு. வீட்டுக்குள் மிளகாய் கருகினால் கூரையில் இருக்கிற புகை மணி கத்தும். அதனால் மகன் கராஜில் ஒரு மின் அடுப்பு வைத்துக் கொடுத்தான். குளிர்காலத்தில் சேலைக்கு மேலே ஜாக்கெட் போட்டுக்கொண்டு தாளிப்பேன். பக்கத்தில் கார் நிற்கும். எனக்கு ஓட்டத் தெரியாது. அமெரிக்காவில் எடிசன் என்கிற ஊரில், எங்கள் வீடு இருக்கிற இடத்தில் கார் இல்லாவிட்டால் போக்கிடம் கிடையாது. தெருமுனையோடு நடைபாதை முடிந்துவிடும். அப்புறம் பெரிய ரோடு. முனை வரைக்கும் போவேன், திரும்புவேன். மகன் காலையில் மன்ஹாட்டன் ரயிலுக்குப் போனால் இருட்டித்தான் வருவான்.

ஊருக்குப் போகவேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். காங்கேயம் பக்கம். அங்கே என் அண்ணன் இருக்கிறார். எழுந்து நடமாட முடியாது. போனில் ஒன்றுதான் கேட்பார். "எப்ப வர்றே அம்முணி?"

கிரீன் கார்டு வரட்டும் என்றான் மகன். வந்தது. வந்த பிறகு, ரொம்ப நாள் ஊரில் தங்கினால் அது போய்விடும் என்றான். கடைசியில், "என்ற கல்யாணம் முடியட்டும்மா. அப்பறம் நீ ஊர்லயே இருந்துக்கோ. கார்டு போனாப் போவுது" என்றான். அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டேன். அவன் யாரைக் கட்டினாலும் எனக்குச் சரி. கல்யாணம் முடிய வேண்டும்.

பெண்ணின் அப்பா இன்னும் சரி என்று சொல்லவில்லை. பையன் வீட்டு மனிதர்களைப் பார்க்கவேண்டும் என்றாராம். எனக்கு இங்கிலீஷ் வராது. அதனால்தான் எங்கள் பக்கம் பேச அந்த அங்கிள்.

அவர்கள் வருவதற்கு முன்னால் மகன் சமையலறைக்கு வந்தான்.

"அவங்க ராஜா பரம்பரையாம்மா."

"கண்ணாடிக் கடைன்னல்ல சொன்னே?"

"ராஜாவுக்கும் கண்ணு தெரியோணுமல்லம்மா."

வந்தார்கள். பெண்ணின் அப்பா செருப்பைக் கழற்றி, வாசலைப் பார்த்துத் திருப்பி வைத்தார். நிமிர்ந்த முதுகு. அதிகம் பேசவில்லை. சந்தகையும் தேங்காய்ப்பாலும் வைத்தேன். அந்த அம்மாள் சந்தகையைக் கையில் தூக்கிப் பார்த்து ஏதோ சொன்னாள். அங்கே அவர்கள் ஊரிலும் மாவைப் பிழிந்து நூல் நூலாகச் செய்வார்களாம்.

சாப்பிடும்போது அங்கிள் ராஜா கதையைக் கேட்டார். பெண்ணின் அப்பா சொல்லச் சொல்ல, மகன் எனக்குத் தமிழில் சொன்னான். அவர்கள் குலத்துக்கு முதல் ஆள் ஒரு ராஜா. கொரியாவின் தெற்கே, வெகு காலத்துக்கு முன்னால். சமாதி இன்னும் இருக்கிறது. வம்சத்துக்காரர்கள் கூடிப் படையல் வைக்கிறார்கள். அந்த ராஜாவுக்கு வாய்த்த ராணி, கடலுக்கு அப்பால் ஒரு தூர தேசத்திலிருந்து கப்பலில் வந்தவள்.

அங்கிள் நிமிர்ந்து உட்கார்ந்தார். இங்கிலீஷில் வேகமாகச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அந்த ராணி நம்ம தமிழ்ப் பொண்ணும்மா. வடக்க இருக்கறவங்க அயோத்தின்னு கிளெய்ம் பண்றாங்க. அயோத்தில ஏதும்மா கடல்? கொரியன்லயும் அம்மாவை ஓம்மாங்கறான், அப்பாவை அப்பாங்கறான். வேற என்ன ப்ரூஃப் வேணும்? நாம ஆல்ரெடி சொந்தக்காரங்க. ஒரே ரத்தம். அதைத்தான் சார் கிட்ட சொன்னேன்."

அந்த மனிதர் ஸ்பூனைக் கீழே வைத்தார். மெதுவாக ஏதோ கேட்டார். பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்னங்கறார்?" என்றேன்.

"ஒரே ரத்தம்னா எப்படிக் கட்டறதுன்னு கேக்கறாரும்மா."

ராஜாவின் குலப்பெயரை வைத்திருப்பவர்களும் ராணியின் குலப்பெயரை வைத்திருப்பவர்களும் இன்று வரைக்கும் ஒருவரையொருவர் கட்டமாட்டார்களாம். அண்ணன் தங்கை முறையாம். எனக்கு அதைப் பெயர்த்துச் சொல்லவே வேண்டாம். எங்கள் பக்கமும் ஒரே கூட்டம், அதாவது ஒரே குலம் என்றால் பங்காளி. முன்னே பின்னே பார்த்திராத பையனும் பெண்ணும் கூடப் பிறந்தவர்கள்தான். அங்கிள் சென்னைக்காரர். இதெல்லாம் அவருக்குப் பழக்கமில்லை.

"சும்மா சிம்பாலிக்கா சொன்னேன் சார்," என்றார். பெண்ணின் அப்பா காதில் அது ஏறவில்லை.

அவர் கோபப்படவில்லை. கூட்டம் ஒன்றாகிவிட்ட ஜாதகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது என் அப்பாவுக்கு அந்த முகம் இருக்கும். அந்த முகத்தோடு யாரும் வாதாட முடியாது.

ரசத்துக்குத் தாளிக்கப் போனவள் கரண்டியோடு கராஜ் வாசலில் நின்றேன்.

"கண்ணு, நான் சொல்றதச் சொல்லு. ராணி எங்க வீட்டுப் பொண்ணுன்னே வெச்சுக்கலாம். பொண்ணு குடுத்த வீடு பங்காளி வீடு இல்லீங்க. மாமன் மச்சான் வீடு. கட்டறதுதான் மொறை."

மகன் சொன்னான். அவர் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். இல்லை என்கிற ஆட்டம். அந்த அம்மாள்தான் விளக்கினாள். ராணிக்குப் பத்து மகன்களாம். சாகும் முன்னால் ராஜாவிடம் சொன்னாளாம்: நான் தூரத்திலிருந்து வந்தவள், இந்த ஊரில் என் பெயர் யாருக்கும் இல்லை, என்னோடு போய்விடும். ராஜா இரண்டு மகன்களுக்கு அவள் பெயரைக் கொடுத்தான். அந்த இரண்டு பேர் வழி இன்னும் இருக்கிறது. அதனால் அவர்களுக்கு அம்மா ரத்தமும் அப்பா ரத்தமும் ஒரே கணக்கு.

மேஜைக்குக் கீழே அந்தப் பெண் என் மகன் கையைப் பிடித்திருந்தாள்.

"அந்த ராணி பொறகு பொறந்த ஊருக்குப் போச்சா?" என்று கேட்டேன்.

மகன் கேட்டுச் சொன்னான். "இல்லியாம்மா."

"ஒருக்காக்கூட?"

"இல்ல."

"அண்ணந்தம்பி யாராச்சும் வந்து பாத்தாங்களா?"

அவர் யோசித்தார். அப்படிக் கதை இல்லை என்றார்.

"அப்பறம் என்ன. போக்குவரத்து நின்னா சொந்தம் அத்துப்போச்சு. அவ அவங்க ஊர்க்காரியாயிட்டா. பொறந்த வீட்டுக்கும் அவளுக்கும் ஒண்ணுமில்லே. எங்களுக்கும் இவங்களுக்கும் ஒண்ணுமில்லே. கட்டலாம்."

இது எந்த ஊர் வழக்கு என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. கல்யாணம் முடிய வேண்டும், சொன்னேன். மகன் நிறுத்தி நிறுத்திச் சொன்னான். அவர் என்னையே பார்த்தார். பிறகு ஏதோ கேட்டார்.

"நீ கடைசியா எப்ப ஊருக்குப் போனேன்னு கேக்கறாரும்மா."

"சந்தகை இன்னுங் கொஞ்சம் வேணுமான்னு கேளு."

அவர் தட்டை இரண்டு கையாலும் பிடித்து நீட்டினார். வைத்தேன். சாப்பிட்டார். அதுதான் சம்மதம்.

பனி கரைந்த பிறகு கல்யாணம் நடந்தது. அண்ணன் வர முடியாது. தாய்மாமன் செய்யவேண்டியதை அந்த அங்கிளே செய்தார். ஒரே ரத்தம் என்று இந்தத் தடவை சொல்லவில்லை.

மருமகள் நல்ல பெண். குளிரில் நிற்கிறேன் என்று கராஜில் ஒரு ஹீட்டர் வாங்கி வைத்தாள். இப்போது முழுகாமல் இருக்கிறாள். டேகேரில் இடம் கிடைக்க வெகு நாள் ஆகுமாம்.

"இந்த நேரத்துல எப்படிம்மா போறது?" என்றான் மகன்.

போக்குவரத்து நின்றால் சொந்தம் அற்றுப்போகும் என்று அன்றைக்கு நான் சொன்ன நியாயம் அவன் காதிலும் விழுந்ததுதான். அதை அவன் திருப்பிச் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை.

மறுநாள் அண்ணன் கூப்பிட்டார். எப்ப வர்றே என்றார். ஹீட்டர் சத்தம், ஒன்றும் கேட்கவில்லை என்றேன்.

தாளிக்கும்போது அந்த ராணியை நினைப்பேன். அவளுக்குப் பத்து மகன்கள். இரண்டைத் தன் பெயருக்குக் கேட்டு வாங்க முடிந்தது. எனக்கு ஒன்று.