பிணமாகப் படுக்க ஆள் இல்லை

எங்கள் கோயில் திருநாளுக்கு அருளாளர் ஒருவருடைய வாழ்க்கையை நாடகமாகப் போடலாம் என்று பங்குத்தந்தை சொன்னார். எழுதும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அருளாளர் கடல் கடந்து வந்த கத்தோலிக்கக் குரு. தமிழும் தெலுங்கும் கற்றுக்கொண்டு ஊர் ஊராக நடந்தவர். காலரா வந்து ஊரே காலியானபோது, தொட ஆளில்லாத பிணங்களைத் தனியாளாகத் தூக்கிப் போய் அடக்கம் செய்தார். கடைசியில் அதே நோயில் இறந்தார்.

அவராக நடிக்க எங்கள் பங்கில் யாரும் துணியவில்லை. கே.ஜி.கண்டிகை ஊர் ஆட்டோக்காரர் ஒருவர் முன்வந்தார். கிருத்திகை தவறாமல் மலையேறுகிற முருக பக்தர். அங்கியை மாட்டும்போது நெற்றித் திருநீற்றை அவரே துடைத்துக்கொண்டு, "வேசத்துக்குத்தானே சார், முருகரு ஒண்ணும் சொல்லமாட்டாரு" என்றார்.

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. பிணமாகப் படுக்க ஒருவரும் சம்மதிக்கவில்லை. கேட்டவர்கள் எல்லோரும் ஆகாது என்று நழுவினார்கள். துணியைச் சுருட்டி வைத்துவிடலாம் என்றார் கோயிலில் மறைக்கல்வி நடத்தும் உபதேசியார். அதற்கு நான் இணங்கவில்லை. ஒரு மனிதனின் பாரத்தை அருளாளர் சுமந்ததுதான் கதை. துணிமூட்டையைச் சுமந்தால் அதில் என்ன இருக்கிறது?

"நானே படுக்கறேன்" என்று வீட்டில் சொன்னதும் மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது.

"இன்னாங்க இது, உசுரோட இருக்கசொல்ல பொணமா படுக்கறது? வேற ஆளே கெடைக்கலியா?"

"கெடைக்கல. அவரு நெசப் பொணத்தையே தூக்கினாரு. சும்மா படுக்கறதுக்கு எனக்கு இன்னா?"

அன்று முழுக்க அவள் என்னோடு பேசவில்லை. ஆனாலும் நாடகத்தன்று முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தாள்.

நான் கொஞ்சம் கனத்த உடம்புக்காரன். ஒத்திகையில் அரிசி மூட்டையைத் தூக்கிப் பழகியிருந்த ஆட்டோக்காரர், மேடையில் என்னைத் தோளில் போட்டு எழுந்ததுமே தடுமாறினார். ஒரு முழங்கால் தரையில் இடித்தது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

"சார், எறக்கிடட்டா?" என்று மூச்சு வாங்கக் கிசுகிசுத்தார்.

"வேணாம்ப்பா. நட" என்றேன், கண்ணைத் திறக்காமல்.

பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார். அவர் கழுத்து வியர்வை என் கன்னத்தில் ஒட்டியது. ஓர் அடி, நிறுத்தம். மறுபடி ஓர் அடி. சிரிப்பு அடங்கிவிட்டது. அவர் மூச்சு இரைப்பது மட்டும்தான் எனக்குக் கேட்டது. குழியாக விரித்திருந்த சாக்கின் மேல் என்னை அவர் போடவில்லை. குனிந்து, தலையைத் தாங்கி, மெதுவாகக் கிடத்தினார். அப்படி நான் எழுதியிருக்கவில்லை.

நாடகம் முடிந்து திரும்பியதும் வீட்டு வாசலிலேயே மனைவி என்னை நிறுத்தி, தலையில் தண்ணீர் ஊற்றினாள். துவட்டத் துண்டை நீட்டும்போதுதான் கேட்டாள்: "அந்த சாமியாரு தூக்கினாரே, செத்தவங்க பேரெல்லாம் யாருக்காச்சும் தெரியுமா?"

"தெரியாது" என்றேன்.

மறுநாள் வலித் தைலம் வாங்கிக்கொண்டு ஆட்டோக்காரர் வீட்டுக்குப் போனேன். இடுப்பைப் பிடித்தபடி வெளியே வந்தார்.

"ஒரே ஆளுக்கே எனக்கு இப்டி கீதே. தெனம் தூக்கிகினு இருந்தவரு எப்டி சார் தாங்கினாரு?"

தைலப் புட்டியை அவரிடம் நீட்டினேன்.

"அடுத்த வருசமும் நான்தான் தூக்குவேன். வேற யாருக்கும் குடுத்துடாதீங்க" என்றார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்க மட்டும் கொஞ்சம் எளச்சிக்கினு வாங்க" என்றார்.