என் குரல் மட்டும் நலமாக இருந்தது

என் அறையில் பகல் முழுக்க யாராவது தூங்கிக்கொண்டே இருப்பார்கள். ஹெப்பகோடியில் பெண்கள் தங்கும் ஒரு பிஜி விடுதியில் மூன்று கட்டில் போட்ட அறை. மற்ற இரண்டு பெண்களுக்கும் எலெக்ட்ரானிக் சிட்டியில் இரவு வேலை. காலையில் கம்பெனி வண்டி இறக்கிவிட்டதும் வந்து, திரையை இழுத்துவிட்டு, தலை முதல் கால்வரை போர்த்திக்கொண்டு படுத்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் அப்படிப் படுத்தால் அம்மா போர்வையை வெடுக்கென்று இழுப்பாள். "உசுரோட இருக்கறவ மூஞ்சிய மூடுவாளா?" இங்கே மூடிய இரண்டு உருவங்களுக்கு நடுவே உட்கார்ந்துதான் நான் எம்.எஸ்ஸி. பாடங்களைப் படித்தேன். விளக்குப் போடுவதில்லை, வாய்விட்டுப் பேசுவதில்லை. யாரும் அப்படிச் சொல்லவில்லை. தூங்குகிறவர்கள் இருக்கும் இடத்தில் நாமாகக் கொடுக்கிற மரியாதை அது.

கிருஷ்ணகிரிப் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து இங்கே வர பஸ்ஸில் இரண்டு மணி நேரம்கூட ஆகாது. ஆனாலும் இது வேறு தேசம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை முதலில் மிதித்தவள் நான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே கிடையாது, பெருமைதான். அம்மா மாம்பழக்கூழ் ஆலையில் வேலை செய்கிறாள். எழுத்து தெரியாது. வேலை நேரத்தில் போனை எடுக்கவும் விடமாட்டார்கள். அதனால் தினமும் நான் மொட்டைமாடிக்குப் போய் வாட்ஸ்அப்பில் குரலைப் பதிந்து அனுப்புவேன். "சாப்டேம்மா. கிளாஸ் நல்லா போவுது. நீ நேரத்துக்குத் தின்னு." ஆலை விட்டு வந்ததும் கேட்டுவிட்டு, அவளும் பேசி அனுப்புவாள்.

இரண்டாவது செமஸ்டரில் தூக்கம் போனது. பிறகு பசி. இன்ன காரணம் என்று ஒன்றைச் சொல்லத் தெரியவில்லை. வகுப்பில் எல்லாரும் பேசுவது கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பதுபோல இருந்தது. மாடிப்படி ஏறுவதே மலைப்பாகிவிட்டது. ஒருநாள் படுத்தபடியே பதிந்து கேட்டுப் பார்த்தேன். யாரோ ஒருத்தி வேறெங்கோ இருந்து ஒப்பிப்பதுபோல இருந்தது. அதை அனுப்ப முடியாது. பழைய பதிவு ஒன்றைத் தேடி எடுத்து அம்மாவுக்கே மறுபடி அனுப்பினேன். மேலே 'ஃபார்வர்டட்' என்று விழும். அம்மாவால்தான் அதைப் படிக்க முடியாதே.

மறுநாளும் அதையே அனுப்பினேன். அதற்கு மறுநாளும். பதிவிலிருந்த அந்தப் பெண் நன்றாகப் பேசினாள், சிரித்தாள். அம்மா அவளுக்குப் பதில் சொன்னாள், ஊர்க்கதை சொன்னாள். நான் கட்டிலில் கிடந்து இருவரையும் கேட்டுக்கொண்டிருந்தேன். நான் நின்றுபோனால்கூட இவள் பேசிக்கொண்டிருப்பாள், யாராவது ஒருமுறை விரலால் தொட்டால் போதும் என்று தோன்றியது. அந்த எண்ணம் அப்போது ஆறுதலாக வந்தது. இன்று நினைத்தால் அதுதான் என்னை நடுங்க வைக்கிறது.

நான் சாப்பிட இறங்காததைக் கவனித்தவர் பிஜி நடத்தும் ஆண்ட்டி மட்டும்தான். அறை வாசலில் நின்று, "யாவ தேவரிகே உபவாசா?" என்று கேட்டார். எந்தச் சாமிக்கு விரதம் என்கிறார். தலையை ஆட்டி வைத்தேன். படிக்கிற பெண்ணுக்கு இவ்வளவு பக்தியா என்று பூரித்துப்போய், அதன்பின் தினமும் குங்குமம் வைத்த ஒரு வாழைப்பழத்தை வாசலில் வைத்துவிட்டுப் போனார். அவை கறுத்துக்கொண்டே போயின.

ஆலை விடுமுறை நாள் ஒன்றில், மதியம், அம்மாவே கூப்பிட்டாள்.

"கண்ணு, ஒண்ணு கேக்கறேன், மறைக்காத. நீ பேசறப்பல்லாம் பின்னால ஒரு தட்டு விழுதே, யாருடி அது?"

"எந்தத் தட்டும்மா?"

"தெனம் விழுது. நீ சாப்டேம்மாங்கற, டணார்னு விழுது, அப்புறம் நீ சிரிக்கற. சரசாவையும் கேக்க வெச்சேன். அது காத்துக்கருப்பு இருக்கற வூடு, பொண்ண கூட்டிக்கினு வந்துடுங்கறா."

சரசா அக்கா பக்கத்து வீடு. ஊருக்குத் திரும்பிவிட்டால் என் படிப்பு முடிந்தது. "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்றேன்.

"இப்ப பேசறது நீதானா?" என்றாள் அம்மா. "ஏன் குசுகுசுன்னு பேசற?"

"தூங்கறாங்கம்மா."

"எழுந்தா திரும்பத் தூங்கிக்குவாங்க. வாயத் தொறந்து பேசு. உன் கொரல நான் கேக்கணும்."

"நான் சாப்பிடலம்மா" என்றேன். இருட்டறையில் அது கத்தலாகவே கேட்டது. "பல நாளா சாப்பிடல. எழுந்திரிக்கவே முடியல."

எதிர்க் கட்டிலில் போர்வை அசைந்து, ஒரு முகம் வெளியே வந்தது. ஹாசன்காரி ரஷ்மி. எட்டு மாதம் ஒரே அறையில் இருந்தும் அந்த முகத்தை அன்றுதான் சரியாகப் பார்த்தேன். அவள் என்னையே வெறித்தாள்.

"நீ இங்கேயா இருக்கே? ரூம் காலி மாடிட்டேன்னு நெனச்சேன். அந்தக் கட்டில்ல சும்னே துணி போட்டிருக்குன்னு..." நான் அறையைக் காலி செய்துவிட்டேன், கட்டிலில் கிடப்பது வெறும் துணி என்றே இருந்திருக்கிறாள்.

அவள்தான் திரையை விலக்கினாள். மறுநாள் தூக்கத்தை விட்டு என்னைப் பல்கலைக்கழகத்தின் மனநலக் கவுன்சிலர் அறை வாசல்வரை கூட்டிப்போனவளும் அவள்தான். நான் ஆங்கிலத்தில் நான்கு வாக்கியம் மனப்பாடம் செய்து போயிருந்தேன். கன்டோன்மென்ட் பக்கத்துத் தமிழ்க்காரரான அந்தக் கவுன்சிலர் அம்மா இரண்டாவது வாக்கியத்திலேயே கையமர்த்தினார். "மார்க் போடறதுக்கு நான் உக்காரலம்மா. எப்படி வருதோ அப்படிச் சொல்லுங்க." வாரம் ஒருமுறை பேச்சு, டாக்டர், மாத்திரை. தூக்கம் திரும்ப வந்தது, ரொம்ப மெதுவாக.

நம் வீடுகளில் முதலாவதாகப் படிக்க வந்தவர்களுக்கு விழக்கூடாது என்று ஒரு பிடிவாதம் இருக்கும். எனக்கும் இருக்கிறது, விடப்போவதில்லை. ஆனால் அந்த அறைக்குள் போனதால் அது குறையவில்லை. அங்கே போகும் வழியை எழுதி வைப்பதும் முதலில் வந்தவள் வேலைதான்.

செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போனேன். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பழைய பதிவையே திரும்பத் திரும்ப அனுப்பியது உட்பட. திட்டவில்லை. மாத்திரையை வாங்கி, கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மறுநாள் விடிகாலை உள்ளறையில் படுத்திருந்தேன். அடுப்பங்கரையில் யாரோ சிரித்துப் பேசுவது கேட்டது. "கிளாஸுக்குக் கெளம்பறேம்மா." என் குரல். எழுந்து கதவோரம் போனேன். அம்மா போனை அரிசிப் பானைமேல் சாய்த்து வைத்திருந்தாள். நான் வீட்டில் இருப்பது அவளுக்குத் தெரியும். சற்றுமுன்தான் என் போர்வையை முகத்திலிருந்து விலக்கிவிட்டுப் போயிருந்தாள். இருந்தும் போனைப் பார்த்து, "பாத்துப் போய்ட்டு வா கண்ணு" என்றாள். போனுக்குள் இருந்த அந்தப் பெண் பேசி முடித்துக் கிளம்பும்வரை நான் கதவுக்கு இந்தப் பக்கமே நின்றிருந்தேன்.