பெரட்டும் ஒரு பெயர்ச்சொல்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்து வீட்டிலிருந்து பதுளைக்கு வந்து, பெண்கள் பள்ளிக்கூட விடுதியில் தங்கிப் படித்தேன். ஆண்டு முடிவில் இன்ஸ்பெக்டர் வந்து சோதிப்பார். தேறினால் மேல்வகுப்பு, தவறினால் அம்மாவோடு கொழுந்து எடுக்கப் போகவேண்டும் என்று அப்பா சொல்லியிருந்தார்.

அந்த ஆண்டு ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்கள் படித்தோம். பொதுப்பெயரிலும் சிறப்புப்பெயரிலும் எனக்கு ஆரம்பத்திலேயே தகராறு. ஒருவருக்கு மட்டும் உரியது சிறப்புப்பெயர், அதன் முதல் எழுத்தைப் பெரிதாகப் போடவேண்டும் என்றார் டீச்சர். எங்கள் தோட்டத்துக்கு ஒரே துரைதான். ஆகவே துரையைக் குறிக்க மாஸ்டர் என்று எழுதி, முதல் எழுத்தைப் பெரிதாகப் போட்டேன்.

“ஏம்மா, பக்கத்துத் தோட்டத்துல துரை இல்லையா?”

“இருக்காருங்க. ஆனா அவரு எங்களுக்குத் துரை இல்லீங்களே.”

டீச்சர் புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தார்.

லீவுக்குப் போனபோது, “இலைய எண்ணலாம்மா, தேயிலைய எண்ண முடியாது. இங்கிலீசுல அப்பிடித்தான்” என்று அம்மாவிடம் பெருமையடித்தேன்.

“எண்ணிக்கிட்டு நின்னா கங்காணி சும்மா விடுவாரா?” என்றாள் அம்மா.

சோதனை நாள் வந்தது. இன்ஸ்பெக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். என்னை எழுப்பி, “மனிசக் கூட்டத்துக்கு ஒரு கூட்டுப்பெயர் சொல்லும்” என்றார். ஆட்டுக்கும் மாட்டுக்கும் கப்பலுக்கும் உள்ள கூட்டுப்பெயர்கள் வரிசையாக ஞாபகம் வந்தன. மனிதருக்கு உள்ளது மட்டும் வரவில்லை. விடியற்காலையில் தப்பு மேளச் சத்தம் கேட்டதும், வேலை பிரித்து வாங்க, கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு முன்னால் வந்து நிற்கும் எங்கள் சனம்தான் கண்ணில் தெரிந்தது.

“பெரட்டு” என்று சொல்லிவிட்டேன்.

பின்வரிசையில் கடைவீதிப் பிள்ளைகள் சிரித்தார்கள். “அது தோட்டத்துப் பேச்சுடி” என்றாள் ஒருத்தி. கொழுந்துக் கூடைக் கயிறு அப்போதே என் தலையில் இறுகியது போலிருந்தது.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. “அது என்ன சொல்?”

“காலையில எல்லாரும் வரிசையா நிப்பாங்க. பேரு கூப்பிடுவாங்க. அது பெரட்டுங்க.”

அவர் கரும்பலகையில் ஆங்கில எழுத்தில் ‘பரேட்’ என்று எழுதினார். “இது இங்கிலிசுச் சொல்தான் பிள்ளை. துரைமார் பரேட் எண்டு சொன்னதை உங்கடை சனம் பெரட்டு ஆக்கிப்போட்டுது. வரிசையா நிக்கிற கூட்டம். விடை சரி.”

தேறிவிட்டேன். நடந்ததை வீட்டில் சொன்னபோது அப்பாவுக்கு நம்பிக்கை வரவில்லை.

“அப்ப நாங்க இத்தன நாளா இங்கிலீசா பேசிக்கிட்டிருந்தோம்?”

“அதான் துரைக்கு நம்ம பேச்சு வெளங்கல போல” என்றாள் அம்மா.

பள்ளி திறந்ததும் என் தகரப் பெட்டியை அப்பாவே தலையில் வைத்துக்கொண்டு பதுளை வரை வந்தார். எதிரில் வந்தவர்களிடமெல்லாம், அவர்கள் கேட்காமலே, “மேல்வகுப்புக்குப் போகுதுங்க” என்று சொல்லிக்கொண்டே நடந்தார்.